ஷபெல் கோர்பி வழக்கு: அந்தப் பைகளை ஏன் யாரும் எடை போடவில்லை?

#1 செல்வா_பிரிஸ்பேன் (இழையைத் தொடங்கியவர்)

குருவிகள் (பிறர் சரக்கைத் தன் பெட்டியில் கொண்டுபோகிறவர்கள்) பற்றிய இழையில் ஷபெல் கோர்பி பெயர் வந்ததும் பேச்சு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நிர்வாகி தனி இழை தொடங்கச் சொன்னார். இதோ.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2004 அக்டோபர் 8. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியைச் சேர்ந்த 27 வயதுப் பெண், தம்பியோடும் இரண்டு பேர் கொண்ட நட்புக் கூட்டத்தோடும் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார். பிரிஸ்பேனில் பெட்டிகளைக் கவுன்டரில் கொடுத்தாயிற்று. சிட்னியில் விமானம் மாறவேண்டும். ஆனால் பெட்டிகள் இவர்கள் கைக்கு வராமல் நேரே பாலியின் தென்பசார் நகரத்துக்குப் போய்விடும். அங்கே நுரா ராய் விமான நிலையச் சுங்கத்தில் அவருடைய அலைச்சறுக்குப் பலகைப் பையைத் திறந்தால், பலகையோடு சேர்ந்து தலையணை அளவில் ஒரு பிளாஸ்டிக் பொதி. ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் 4.2 கிலோ கஞ்சா. பலகைப் பைக்குப் பூட்டு கிடையாது.

2005 மே 27-ல் தென்பசார் நீதிமன்றம் 20 ஆண்டு சிறையும் 10 கோடி ரூபியா அபராதமும் விதித்தது. அக்டோபரில் பாலி உயர் நீதிமன்றம் 15 ஆண்டாகக் குறைத்தது. 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் 20 ஆக்கியது. 2008-ல் மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. 2012-ல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ ஐந்தாண்டு தண்டனையைக் கழித்தார். 2014 பிப்ரவரியில் பரோல், 2017 மே மாதம் நாடு திரும்பினார். கடைசி வரை ‘என்னுடையது இல்லை’ என்பதுதான் அவர் வாக்கு.

அவர் செய்தாரா இல்லையா என்று வாக்கெடுப்பு நடத்த நான் வரவில்லை. அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனக்கு உறுத்துவது வேறு. அன்று சாயங்காலமே அரைமணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய சோதனைகளை யாரும் செய்யவில்லை. அது ஏன்?

#2 சந்தேகி

பை யாருடையது? அவருடையது. அவரே ஒப்புக்கொண்டார். பைக்குள் சரக்கு இருந்ததா? இருந்தது. அப்புறம் என்ன சோதனை வேண்டியிருக்கிறது?

விமான நிலையத்தில் பிடிபடுகிற நூறு பேரில் நூறு பேரும் ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்றுதான் சொல்வார்கள். ‘ஆமாம் சார், நான்தான் கொண்டுவந்தேன்’ என்று எவன் சொல்லியிருக்கிறான்? சுங்க அதிகாரி நீதிமன்றத்தில் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள் செல்வா. பையைத் திறக்கச் சொன்னபோது முன்பக்கச் சின்ன அறையை மட்டும் திறந்து காட்டினார், பெரிய அறையைத் திறக்கப் போனபோது தடுத்தார் என்று சாட்சி சொன்னார். இதை விட்டுவிட்டு எடை, கைரேகை என்றால் எப்படி?

#3 செல்வா_பிரிஸ்பேன்

எழுதுகிறேன் சந்தேகி, ஒளிக்க ஒன்றுமில்லை. அதிகாரி அப்படித்தான் சொன்னார். கோர்பி, ‘நானேதான் திறந்து காட்டினேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்றார். அதிகாரிக்கு ஆங்கிலம் சுமார், இவருக்கு இந்தோனேசிய மொழி தெரியாது. மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு இருவர் வாய்ச்சொல் மட்டும்தான். அந்தச் சுங்கக் கூடத்தின் கேமரா பதிவு நீதிமன்றத்தில் காட்டப்படவே இல்லை. காட்டியிருந்தால் உங்கள் கட்சியே ஜெயித்திருக்கலாம் அல்லவா?

மற்றவை:

எடை. பிரிஸ்பேன் கவுன்டரில் கூட்டத்தின் பெட்டிகளை மொத்தமாகச் சேர்த்து எடை பதிந்தார்கள், தனித்தனியாக இல்லை. பாலியில் பிடித்த பிறகு பெட்டிகளை மறுபடி எடை போடுங்கள் என்று கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

கைரேகை. வெளிப்பையை அதிகாரிகள் கையுறை இல்லாமல் தொட்டாயிற்று, சரி. உள்பை? அதைக் கட்டியவன் விரல் மட்டும்தானே அதில் பட்டிருக்கும்? எதிர்த்தரப்பு கேட்டும் எடுக்கவில்லை.

சரக்கு எந்த ஊரில் விளைந்தது? ஆஸ்திரேலிய மத்திய போலீஸ் மாதிரி கேட்டது. கிடைக்கவில்லை.

பிரிஸ்பேன், சிட்னி கேமராக்கள்? கேட்டபோது பதிவு எதுவும் மிஞ்சவில்லை.

கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2006-லேயே கஞ்சாவையும் கொளுத்திவிட்டார்கள். இனி யார் நினைத்தாலும் எதையும் சோதிக்க முடியாது.

#4 பெட்டிக்காரர்

தம்பி செல்வா, எடை விஷயத்தில் நான் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைக்கிறேன். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பல வருஷம் பெட்டி ஏற்றுகிற பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான்.

கூட்டமாக வருகிறவர்களின் பெட்டிகளை மொத்தமாகப் போடுவது சாதாரணம். ஒருத்தர் பெட்டி 28 கிலோ, இன்னொருத்தர் 12 கிலோ என்றால் கூடுதல் கட்டணம் வராமல் இருக்கச் சேர்த்துப் போடச் சொல்வார்கள். கவுன்டரில் இருக்கும் பெண்ணும் வரிசை நீளத்தைப் பார்த்துவிட்டு, ‘மொத்தம் இத்தனை உருப்படி, இத்தனை கிலோ’ என்று ஒரே பெயரில் அடித்துவிடுவார். அதில் தப்பு ஒன்றுமில்லை. விமானம் தூக்கவேண்டிய பாரம் மொத்தம் எவ்வளவு என்பதுதான் விமானிக்கு வேண்டும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘தனி எடை இல்லை, அதனால் ஒப்பிட முடியாது’ என்று அந்த வழக்கைப் பற்றி எழுதுகிற பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் முடியாது? மொத்த எடை இருக்கிறதே! தென்பசாரில் பெட்டிகள் எல்லாம் அங்கேயே அந்த நாலு பேரோடு நின்றன. எல்லாவற்றையும் ஒரு தராசில் ஏற்றினால் போதும். பிரிஸ்பேன் கணக்கோடு பொருந்தினால், சரக்கு கவுன்டருக்கு வருவதற்கு முன்பே பைக்குள் இருந்தது. நாலு கிலோ அதிகமாக வந்தால், கவுன்டரைத் தாண்டிய பிறகுதான் ஏறியது. தராசு அரைக் கிலோ முன்னே பின்னே காட்டும், ஒப்புக்கொள்கிறேன். நாலு கிலோ காட்டாமல் போகாது.

பிடிபட்ட பெட்டியோடு கூட வந்தவர்களின் பெட்டிகளையும் நிறுத்திவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம் இருந்ததோ என்னவோ. அவர்கள் அன்றைக்கு அதைச் செய்திருந்தால், இரண்டில் ஒன்று தெரிந்து போயிருக்கும்.

இன்னொன்று. பிரிஸ்பேனிலிருந்து சிட்னி உள்நாட்டு முனையம், அங்கிருந்து வெளிநாட்டு முனையம், அப்புறம் பாலி. பெல்ட், டிராலி, டிராக்டர், விமானத்தின் வயிறு, மறுபடி டிராலி, மறுபடி பெல்ட். இந்தப் பாதையில் ஒரு பெட்டியை எத்தனை பேர் தொடுவார்கள் என்று பயணிகளுக்குத் தெரியாது. ஜிப்புக்குப் பூட்டு போட்டாலும் பால்பாயின்ட் பேனா முனையைப் பற்களுக்கு நடுவே குத்தி இழுத்தால் ஜிப் பிரியும். வேலை முடிந்ததும் இழுப்பானை ஒரு தரம் முன்னும் பின்னும் ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது. இது நாங்கள் புதிதாக வருகிற காவலர்களுக்குச் செய்து காட்டுகிற வித்தை.

#5 சந்தேகி

சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் ‘திறக்க முடியும்’ என்பதற்கும் ‘திறந்தார்கள்’ என்பதற்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது.

#6 வழக்கறிஞர்_மதுரை

கொஞ்சம் சட்டம் பேசுவோம்.

முதலில், இந்தோனேசியாவில் ஜூரி கிடையாது. மூன்று நீதிபதிகள் அமர்வு. அப்போது இருந்த அவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 183-ஆம் பிரிவின்படி குறைந்தது இரண்டு செல்லத்தக்க சான்றுகளும், அவற்றால் நீதிபதிக்கு ஏற்படும் உறுதியும் சேர்ந்தால் தண்டிக்கலாம். சுங்க அதிகாரிகளின் சாட்சியம், பையிலிருந்து எடுத்த பொருள் கஞ்சாதான் என்ற ஆய்வறிக்கை. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. ‘தெரிந்தே கொண்டுவந்தாரா’ என்ற கேள்வி அந்த உறுதிக்குள் அடங்கிவிடுகிறது. தலைமை நீதிபதி லின்டன் சிராயிட், தாம் விசாரித்த சுமார் 500 போதைப்பொருள் வழக்குகளில் ஒருவரைக்கூட விடுவித்ததில்லை என்று சொன்னதாக அப்போதே பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்த அன்றே தீர்ப்பு என்ன என்று நான் ஊகித்துவிட்டேன்.

நம் ஊர் யோக்கியம் என்ன என்று யாராவது கேட்பார்கள். நம்முடைய போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 35, 54 பிரிவுகள் இருக்கின்றன. பொருள் உன்னிடம் இருந்தால், தெரிந்தே வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உன் வேலை. சிங்கப்பூர், மலேசியாவிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் என்ன தண்டனை என்று நம் மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் 2008-ல் நம் உச்ச நீதிமன்றம் நூர் ஆகா வழக்கில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1997 ஆகஸ்ட்டில் ஆப்கன் விமான ஊழியர் ஒருவர் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் இறங்குகிறார். கையில் திராட்சைப் பெட்டி. அதில் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் என்பது சுங்கத்துறையின் வழக்கு. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்துவிட்டன. உச்ச நீதிமன்றம் 35, 54 பிரிவுகள் செல்லும் என்றுதான் சொன்னது. ஆனால் அந்த அனுமானம் தானாக வராது, அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் ஐயமற நிரூபித்தால்தான் சுமை அந்தப் பக்கம் மாறும் என்றது. அந்தத் திராட்சைப் பெட்டி எங்கே? நீதிமன்றத்துக்கு வரவில்லை. பிடித்த சரக்கு எங்கே? அதுவும் வரவில்லை. மாதிரிகளில் முரண்பாடு. போங்கள் என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

கோர்பி வழக்கில் சரக்கு நீதிமன்றத்துக்கு வந்தது, பையும் வந்தது. அதனால் நூர் ஆகா அளவுகோலை வைத்தாலும் அவர் தப்பித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எடை போடாததைப் பற்றி நம் ஊர் வக்கீல் குறுக்கு விசாரணையில் அதிகாரியை ஒரு நாள் முழுக்க நிற்கவைத்திருப்பார்.

#7 சந்தேகி

சரி, எதிர்த்தரப்பு வைத்த கதையைப் பார்ப்போம். பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்கு உள்நாட்டுக்குள்ளே கஞ்சா கடத்துகிற பெட்டி ஏற்றும் ஆட்கள், யாரோ ஒருவர் பைக்குள் போட்டார்களாம். சிட்னியில் எடுக்க வேண்டியவன் எடுக்கத் தவறிவிட்டானாம். பை பாலிக்குப் பறந்துவிட்டதாம்.

நாலு கிலோ சரக்கை, வெளிநாட்டுக்குப் போகிற பையில் எவனாவது போடுவானா? சிட்னியிலேயே இறங்குகிற ஆயிரம் பெட்டி இருக்கும்போது? பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்கு ஒரு காரில் வைத்து ஓட்டினால் எல்லைச் சோதனைகூடக் கிடையாதே. இந்தக் கதைக்குச் சாட்சி யார்? விக்டோரியா மாநிலச் சிறையிலிருந்து ஒரு விசாரணைக் கைதியைப் பாலிக்கு அழைத்துப் போனார்கள். அவர், சிறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டேன் என்றார். பெயர் கேட்டால் சொல்ல மறுத்தார். இதை எந்த நீதிபதி ஏற்பார்? ஆஸ்திரேலிய மத்திய போலீஸ் ஆணையர் மிக் கீல்டியே, பெட்டி ஏற்றுகிறவர்கள் அப்பாவிப் பயணிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குப் பெரிதாகத் தகவல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சொந்த ஊர் போலீஸே கைவிட்ட கதை இது.

#8 செல்வா_பிரிஸ்பேன்

கைதியின் சாட்சியத்தை நானும் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை. அதைக் கூப்பிட்டதே எதிர்த்தரப்பு செய்த பெரிய தப்பு. வலுவான கேள்விகளை எல்லாம் அது அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆனால் கீல்டி அப்படிச் சொன்ன அதே ஆண்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2005 ஏப்ரலில் சிட்னி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஆள் ஒருவர், ஒரு பயணியின் பெட்டியிலிருந்த ஒட்டக வேஷத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடுபாதைப் பக்கம் உலாத்தினார். அந்தப் பயணியே சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். ஊரே சிரித்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? பெட்டிக்காரர் ஐயா சொல்வதுபோல் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதுதானே? மே மாதம், தீர்ப்புக்கு முன்பே, சிட்னி விமான நிலையம் வழியாகக் கோகெயின் கடத்திய கும்பலைப் பிடித்தார்கள். அதில் பெட்டி ஏற்றும் ஆட்களுக்குப் பங்கு உண்டு. அந்தச் சரக்கு போன நாள் எது தெரியுமா? 2004 அக்டோபர் 8. கோர்பியின் பை சிட்னியில் மாறிய அதே நாள்.

அவசரப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோகெயின் தென் அமெரிக்காவிலிருந்து உள்ளே வந்தது. கோர்பியின் பைக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. ஒரே நாள் என்பதற்காக முடிச்சு போடமுடியாது. நான் சொல்வது இவ்வளவே: ‘அப்படியெல்லாம் நடக்காது’ என்ற வாதம் அந்த மாதத்தோடு செத்துப்போனது. பிறகு அரசாங்கம் பிரிட்டனிலிருந்து சர் ஜான் வீலரை வரவழைத்து விமான நிலையப் பாதுகாப்பை ஆராயச் சொன்னது. 2005 செப்டம்பரில் அவர் அறிக்கை வந்தது. ஒரு குறையும் இல்லாத இடத்துக்கு யாரும் வெளிநாட்டு நிபுணரை அழைப்பதில்லை.

#9 நிலா_யாழ்

நான் அந்த நேரம் சிட்னியில் இருந்தேன். தீர்ப்பைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். கிரிக்கெட் பார்க்கிற மாதிரி வேலைத்தலத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். அதுக்குப் பிறகு நடந்த கூத்தையும் சொல்ல வேணும். பாலிக்குப் போகாதீர்கள் என்றார்கள். சுனாமிக்குக் குடுத்த காசைத் திருப்பித் தா என்று கேட்டவையும் இருக்கினம். கன்பராவில் இருக்கிற இந்தோனேசியத் தூதரகத்துக்கு யாரோ ஒரு தூளைத் தபாலில் அனுப்பி, கட்டடத்தையே பூட்டவேண்டி வந்தது. கடைசியில் அது ஆபத்தில்லாத தூள்.

அதே ஏப்ரல் 2005-இல்தான் ‘பாலி ஒன்பது’ என்று சொல்லுற, ஹெராயின் கடத்தின ஒன்பது அவுஸ்திரேலியரும் பாலியில் பிடிபட்டவை. அதில் மயூரன் சுகுமாரன் எங்கட பெடியன், இலங்கைத் தமிழ்க் குடும்பம். அந்த வழக்கில் சான்றைப் பற்றிச் சந்தேகமே இல்லை. நாலு பேருடைய உடம்பில ஹெராயினைச் சுத்திக் கட்டியிருந்தது, எட்டுக் கிலோவுக்கு மேல. இந்தோனேசியப் பொலிசுக்குத் தகவல் குடுத்ததே அவுஸ்திரேலியப் பொலிஸ்தான். அங்கை கேள்வி சான்று இல்லை, தண்டனை. 2015 ஏப்ரல் 29 அதிகாலை நுசகம்பங்கான் தீவில் மயூரனையும் ஆண்ட்ரூ சானையும் சுட்டுக் கொன்றார்கள்.

மார்ட்டின் பிளேசில் மெழுகுதிரி பிடிக்கப் போயிருந்தன். நிறையச் சனம் வந்தது, இல்லையென்று சொல்லேல்லை. ஆனா 2005-இல் கோர்பிக்கு இருந்த கொதிப்பு அந்தப் பெடியங்களுக்கு வர எத்தனை வருஷம் எடுத்தது என்று யோசிச்சனான். நீலக் கண் இருந்தால் சான்றிலை இருக்கிற ஓட்டை எல்லாம் சனத்துக்குப் பளிச்சென்று தெரியும் போல.

#10 செல்வா_பிரிஸ்பேன்

நிலா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோர்பி வேறு நிறத்தில் இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#11 நிர்வாகி

ஒரு பதிவு நீக்கப்பட்டது. கோர்பியின் குடும்பத்தினர் மேல் பத்திரிகைகளில் வந்த குற்றச்சாட்டுகளை இங்கே கொண்டுவர வேண்டாம். அவர்கள் இந்த வழக்கில் குற்றவாளிகள் அல்ல. சில செய்திகள் அவதூறு வழக்கு வரை போயிருக்கின்றன. சான்றைப் பற்றி மட்டும் பேசவும்.

#12 மீனா_தஞ்சை

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். எடை, கேமரா எல்லாம் ஒழுங்காகப் பார்த்ததால் உண்மையிலேயே யாராவது வெளியே வந்திருக்கிறார்களா? இல்லை, இதெல்லாம் பேச்சுக்கு மட்டும்தானா?

#13 பெட்டிக்காரர்

வந்திருக்கிறார்கள் அம்மா. 2023 மார்ச்சில் பிரேசில் பெண்கள் இரண்டு பேர் ஐரோப்பா சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறும்போது ஜெர்மன் போலீஸ் கைவிலங்கு போட்டது. அவர்கள் பெயர் போட்ட ஒட்டுச்சீட்டுள்ள இரண்டு பெட்டிகளில் 40 கிலோ கோகெயின்.

பெட்டிகளைப் பார்த்ததுமே அவர்கள், ‘இது எங்கள் பெட்டியே இல்லை’ என்றார்கள். யார் கேட்பது? சீட்டில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது. அது போதும் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆனால் பிரேசில் மத்திய போலீஸ் சும்மா இருக்கவில்லை. சாவ் பாவ்லோவின் குவாருல்யோஸ் விமான நிலையக் கேமராப் பதிவுகளை அலசினார்கள். உள்ளே வேலை செய்கிற ஆட்கள் இந்தப் பெண்களின் பெட்டியிலிருந்து சீட்டைக் கழற்றி வேறு பெட்டியில் ஒட்டுவது அப்படியே பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு ஜெர்மனிக்குப் போனது. ஏப்ரல் 11-ல் இருவரும் வெளியே வந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தது இருந்ததுதான். கேமரா இல்லையென்றால் அவர்களும் இன்னொரு கோர்பி.

சீட்டு ஒட்டுகிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கைப்பிடியில் சுற்றுகிற நீளச் சீட்டைத் தவிர, அதே எண் போட்ட குட்டிச் சீட்டுகள் இரண்டு மூன்று இருக்கும். கவுன்டரில் அதைப் பெட்டியின் உடம்பிலேயே ஒட்டுவார்கள், பெரிய சீட்டு கிழிந்தாலும் பெட்டி தொலையாமல் இருக்க. நம் ஆட்கள் ஊருக்குப் போனதும் அதை உரிப்பதில்லை. பழைய பயணத்துச் சீட்டு நாலைந்து ஒட்டியபடியே அடுத்த முறையும் வருவார்கள். அதை உரித்துவிட்டு வாருங்கள். புதுச் சீட்டை எந்த மூலையில் ஒட்டுகிறார்கள் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#14 வழக்கறிஞர்_மதுரை

இன்னொன்று, நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. 2019 ஜூலையில் மும்பைத் தம்பதி கத்தார் போய் இறங்குகிறார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் 4 கிலோவுக்கு மேல் சரஸ் (கஞ்சாப் பிசின்). மனைவி கர்ப்பிணி. இருவருக்கும் பத்தாண்டு சிறை. குழந்தை சிறையில் பிறந்தது. பெண்ணின் தந்தை மும்பையில் விடாமல் அலைந்தார். நம் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு விசாரித்தது. பொட்டலம் கொடுத்த கூட்டத்தை இங்கே பிடித்து, அந்த ஆவணங்களைத் தூதரகம் வழியாக அனுப்பினார்கள். 2021-ல் அங்கேயே மறுவிசாரணை நடந்து விடுதலை. 2023-ல் சார்ஜாவில் ஒரு மும்பை நடிகை, கொண்டுபோன பரிசுக் கோப்பைக்குள் சரக்கு இருந்ததாகப் பிடிபட்டதும் இதே ரகம்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரேசில், கத்தார், சார்ஜா மூன்றிலும் காப்பாற்றியது எது? பிடித்த நாட்டின் விசாரணை இல்லை. புறப்பட்ட நாட்டின் போலீஸ் தன் பக்கத்தில் தோண்டியதுதான். வெளிநாட்டு நீதிமன்றத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் எடுபடாது. ‘போட்டவன் இவன்தான், எங்கள் ஊரில் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்று ஒரு காகிதம் போனால் எடுபடும்.

#15 சந்தேகி

வக்கீல் சார் என் வேலையை எளிதாக்கிவிட்டார். அந்த வழக்குகளில் எல்லாம் உண்மையான ஆள் கிடைத்தான். கோர்பி கைதாகி நாடு திரும்பும்வரை பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். ஆஸ்திரேலியாவே தலைகீழாக நின்று தேடியது. பத்திரிகை, தொலைக்காட்சி, தனியார் துப்பறிவாளர், பணக்காரர்கள் எல்லாரும் புகுந்து பார்த்தார்கள். ‘நான்தான் போட்டேன்’ என்றோ ‘போட்டவனை எனக்குத் தெரியும்’ என்றோ நம்பும்படி ஒருவன்கூட வரவில்லை. இதற்கு என்ன பதில்?

#16 செல்வா_பிரிஸ்பேன்

நேர்மையான பதில்: இல்லை. உங்கள் தரப்பில் இருப்பதிலேயே கனமான வாதம் அதுதான், அதற்கு என்னிடம் மறுப்பு கிடையாது. விலை வாதம் வேண்டுமானால் சொல்வார்கள், ஆஸ்திரேலியாவில் விலை அதிகம், பாலியில் மலிவு, கொல்லன் தெருவில் ஊசி விற்க எவன் போவான் என்று. அதற்கும் எதிர்வாதம் இருக்கிறது: பாலியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆஸ்திரேலியச் சரக்கின் தரத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பார்கள் என்று. இரண்டையும் எவராலும் நிரூபிக்க முடியவில்லை. நான் அதில் இறங்கவில்லை.

#17 வழக்கறிஞர்_மதுரை

செல்வா #3-ல் சொன்ன ஊர்ச் சோதனை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எல்லாரும் அதைப் பெரிய ஆயுதம் மாதிரி பேசுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். கஞ்சா குவீன்ஸ்லாந்தில், அதாவது பிரிஸ்பேன் இருக்கும் மாநிலத்தில், விளைந்தது என்று முடிவு வந்தால் என்ன ஆகும்? அவர் கொண்டுவந்திருந்தாலும் குவீன்ஸ்லாந்துதான், பெட்டி ஏற்றுகிறவன் போட்டிருந்தாலும் குவீன்ஸ்லாந்துதான். ஒன்றும் தீராது, ஆனால் தலைப்புச் செய்தி அவருக்கு எதிராகத்தான் வரும். இந்தோனேசியச் சரக்கு என்று வந்தால் மட்டும்தான் அவருக்கு லாபம். கைரேகையும் அப்படியே. அவர் ரேகை இல்லை என்றால் கையுறை போட்டிருப்பார் என்பார்கள். இருந்துவிட்டால் கதை முடிந்தது. வேறு ஒருவருடைய ரேகை அடையாளம் தெரிந்தால்தான் பிரயோசனம்.

ஆக, இருக்கிற சோதனைகளில் இரண்டு பக்கமும் வெட்டக்கூடியது எடை ஒன்றுதான். பெட்டிக்காரர் ஐயா சரியான இடத்தில் கைவைத்தார். அதற்கு ஆய்வகம் வேண்டாம், நிபுணர் வேண்டாம், வெளிநாட்டு ஒப்பந்தம் வேண்டாம். தராசு அந்த விமான நிலையத்தில் புறப்பாட்டுக் கவுன்டர் ஒவ்வொன்றிலும் இருந்திருக்கும்.

#18 சந்தேகி

எடை போட்டிருக்கவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. போட்டிருந்தால் பொருந்தியிருக்கும் என்பது என் கட்சி.

#19 மீனா_தஞ்சை

என் தம்பி அடுத்த மாதம் படிப்புக்காக மெல்போர்ன் போகிறான். கோலாலம்பூரில் மாறுகிறான். தெருவில் பாதிப்பேர் ‘எங்கள் பையனுக்கு இதை மட்டும் கொண்டுபோகச் சொல்லு’ என்று பருப்புப்பொடி, வடகம் எல்லாம் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். என்ன செய்வது?

#20 பெட்டிக்காரர்

யார் பொட்டலமும் கட்டியபடி வாங்காதீர்கள். பொருளைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்கிறவர் பொட்டலத்தைக் கண்டிப்பாக வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருள் கெடுபிடி வேறு அதிகம், எழுதிக்கொடுக்காமல் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள்.

கவுன்டரில் பெட்டியைத் தராசில் வைத்ததும், எண் தெரிகிற மாதிரி பெட்டியோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள் உங்கள் தம்பியை. கூட நண்பர்கள் போனாலும் மொத்தமாகப் போட ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எடை அடிக்கச் சொல்லட்டும். அந்தப் பெண் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

#21 மீனா_தஞ்சை

சீட்டிலேயே எடை அச்சாகி வருமா ஐயா?

#22 பெட்டிக்காரர்

சில நிறுவனங்களில் வரும், சிலவற்றில் வராது. வராவிட்டால் பயணச்சீட்டோடு ஒட்டித் தருகிற துண்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போர்டிங் சீட்டைத் தூக்கிப் போட்டாலும் அந்தத் துண்டை மட்டும் வீடு போய்ச் சேரும்வரை போடவேண்டாம்.